தியானத்துக்கு உட்காரும்போது போனை எங்கே வைப்பது?

சத்துவாச்சாரிக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம், வாழ்க வளமுடன். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மனவளக்கலை மன்றத்தில் சேர்ந்து எளியமுறை உடற்பயிற்சியும், புருவ மத்தியில் மனதை வைக்கிற ஆக்கினைத் தவமும் கற்றுக்கொண்டேன். மன்றத்தில் நாலு பேரோடு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்தால்தான் தகராறு.

விடியற்காலை ஐந்தேகாலுக்கு எழுந்து முகம் கழுவி ஹாலில் பாய் விரித்து உட்காருகிறேன். ஏழேகாலுக்கு கம்பெனி பஸ் வந்துவிடும், அதனால் நேரம் பார்க்காமல் உட்கார வழியில்லை. போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்து முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். கண்ணை மூடினாலும் அது அங்கே இருப்பது தெரிந்துகொண்டே இருக்கிறது. இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி, அலாரம் வைத்தோமா வைக்கவில்லையா என்று நடுவில் இரண்டு தடவையாவது கண்ணைத் திறந்து பார்த்துவிடுகிறேன். அலாரம் அடித்ததும் நிறுத்துவதற்குக் கையில் எடுக்கிறேன், எடுத்தால் திரை முழுக்க வாட்ஸ்அப், அதில் இரவு ஷிப்ட்டில் ஏதோ மெஷின் நின்றுபோனதைப் பற்றி முப்பது செய்தி. படித்துக்கொண்டே அடுப்படிக்குப் போகிறேன், பால் பொங்கி வழிகிறது. அப்போது ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இருந்த அமைதி எங்கே போனது என்றே தெரிவதில்லை. தினமும் இதேதான்.

தயவுசெய்து "போனை அணைத்து வைத்துவிடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அம்மா குடியாத்தத்தில் தனியாக இருக்கிறார், 71 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். எங்களோடு வந்து இருங்கள் என்றால் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். போன ஆடியில் ஒருநாள் விடிகாலை ஐந்தரைக்கு அழைத்தார், குரல் குழறியது. நான் எடுத்தேன், உடனே பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன், அன்றைக்குத் தப்பித்தோம். எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அதனால் போன் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும்.

போனை வைத்துக்கொண்டு தியானம் செய்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? தியான ஆப் எதையாவது போட்டால் உதவுமா, அல்லது அது இன்னொரு இழுப்பாகப் போய்விடுமா? உங்கள் அனுபவத்தைச் சொன்னால் போதும்.


காட்பாடி ஜங்ஷன்:

சார், காட்பாடியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், நானும் ஆறேழு வருடமாகக் காலையில் உட்காருகிறவன். நீங்கள் எழுதியதில் ஒரு வரிதான் எனக்குக் கண்ணில் பட்டது. அலாரத்தை நிறுத்தப் போனை எடுக்கிறேன் என்கிறீர்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான். அலாரம் தூங்குகிறவரை எழுப்பச் செய்தது, கை பட்டு நிறுத்தும்வரை விடாது. விழித்து உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அது எதற்கு? ஒரு தடவை அடித்துவிட்டுத் தானே அடங்கிப்போகிற மணி போதும். கை போனைத் தொடவில்லை என்றால் கண் திரையைப் பார்க்கப் போவதில்லை, மெஷின் நின்ற கதை ஏழு மணிக்குத் தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

முதலில் அம்மா விஷயம். ஆண்ட்ராய்டில் ஒலி அமைப்புகளுக்குள் "தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று ஒன்று இருக்கும். பலரும் அதைப் போட்டால் எல்லாமே செத்துப்போகும் என்று பயந்து தொடுவதே இல்லை. அப்படி இல்லை, யாருடைய அழைப்பை விடலாம் என்று அதற்கே சொல்லிக் கொடுக்கலாம். தொடர்புப் பட்டியலில் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் நட்சத்திரம் போடுங்கள். அழைப்புகள் என்கிற இடத்தில் நட்சத்திரம் போட்டவர்கள் மட்டும் என்று தேர்ந்தெடுங்கள். அதிலேயே திரும்பத் திரும்ப அழைப்பவர்களை அனுமதிப்பது என்று இன்னொன்று உண்டு, ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் அது மணி அடிக்கும். ஐபோனிலும் இதே வசதி இருக்கிறது, அங்கே கணக்கு 3 நிமிடம். அம்மா வேறு யாருடைய போனிலிருந்தாவது அழைத்தால் இது காப்பாற்றும், அதனால் கட்டாயம் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் அழைக்க வேண்டாம், சாதாரண அழைப்பாகவே அழையுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், வாட்ஸ்அப் அழைப்பு எல்லாப் போனிலும் இந்த நட்சத்திரக் கணக்கில் ஒழுங்காக வருவதில்லை. எல்லாம் செய்த பிறகு ஒரு தடவை அம்மாவை அழைக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். சோதிக்காமல் நம்பாதீர்கள், கடையில் நான் பார்த்த தொல்லைகளில் பாதி இப்படி நம்பி இருந்ததால் வந்ததுதான்.

இதற்கு நேரமும் குறித்து வைக்கலாம். காலை ஐந்து முதல் ஆறரை வரை தானாகவே போட்டுக்கொள்ளும், தானாகவே எடுத்துக்கொள்ளும். அறிவிப்புகளைத் திரையில்கூடக் காட்டாதே என்று சொல்லிவைக்கலாம். அமைப்பு வேலை எல்லாவற்றையும் முந்தைய ராத்திரி முடித்துவிடுங்கள். காலையில் போய் நோண்ட ஆரம்பித்தால் அப்படியே உள்ளே போய்விடுவோம்.

அடுத்தது மணி. இன்சைட் டைமர் போன்ற ஆப்களில் இலவசமாகவே மணி வைக்கலாம், ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, வேண்டுமானால் நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒன்று. நான் ஆப்கூட வைத்துக்கொள்ளவில்லை. போனிலேயே இருக்கிற ரெக்கார்டரை 20 நிமிடம் ஓடவிட்டேன், முடிவில் எங்கள் வீட்டுப் பூஜை மணியை மூன்று தடவை ஆட்டினேன், நிறுத்திச் சேமித்துக்கொண்டேன். தினமும் அந்தப் பதிவை ஓடவிட்டு உட்காருகிறேன். இருபதாவது நிமிடம் மணி கேட்கிறது, பதிவு முடிந்துவிடுகிறது, போன் பாட்டுக்கு அலமாரியில் கிடக்கிறது. நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்று மணி அடிக்கும், அதனால் உங்கள் கவலைக்கும் இது பொருந்தும். "தொந்தரவு செய்ய வேண்டாம்" போட்டிருந்தாலும் மீடியா ஒலியை அனுமதித்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம், பதிவு செய்தால் வீட்டுப் பூஜை மணியையே பதிவு செய்யுங்கள். ஜலகண்டேசுவரர் கோயில் மணியைப் பதிவு செய்து கொண்டுவந்தேன், கோட்டைக்குள் நின்று கேட்டபோது நெஞ்சு வரை அதிர்ந்தது, போனில் போட்டால் தகர டப்பாவைத் தட்டியது போல இருந்தது. போன் ஸ்பீக்கர் சின்னது, அந்த கனத்த ஒலியை அதனால் தர முடியாது. சின்ன மணியின் கீச்சுக் குரல் அதில் அழகாக வரும்.


போளூர் வாத்தியார்:

தம்பி, நான் பழைய வடாற்காட்டுக்காரன், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். காட்பாடி தம்பி சொன்னது அத்தனையும் சரி. நான் வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் என் பேரன் ஒரு தியான ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது. எத்தனை நாள் விடாமல் உட்கார்ந்தோம் என்று அது எண்ணிக்கொண்டே வரும். பத்து நாள் ஆனால் ஒரு நட்சத்திரம், முப்பது நாள் ஆனால் வேறு ஒன்று. அதுவரை வாரத்தில் நாலு நாள் உட்கார்ந்தவன் தினமும் உட்கார ஆரம்பித்தேன், அந்த நன்றி அதற்கு உண்டு. 112 நாள் வந்தது. அப்போது ஆரணியில் என் அண்ணன் இறந்துபோனார். எடுத்து முடித்து, சுடுகாட்டிலிருந்து வந்து தலை முழுகி, எல்லாரும் படுத்த பிறகு, இரவு பதினொன்றரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். அண்ணனுக்காக உட்காரவில்லை. பன்னிரண்டு மணி தாண்டினால் எண்ணிக்கை போய்விடுமே என்று உட்கார்ந்தேன். முடிந்ததும் 113 என்று காட்டியது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அண்ணனுக்கு அழாமல் இருந்த அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது. மறுநாள் அந்த ஆப்பை எடுத்துவிட்டேன்.

அதனால் ஆப் கூடாது என்று சொல்ல வரவில்லை. குழந்தைக்கு நடைவண்டி கொடுக்கிறோம். நடை வந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே போனால் கால் எப்படிப் பலப்படும்? மணிக்குப் போன் இருக்கட்டும், எண்ணிக்கைக்கு வேண்டாம். எண்ணிக்கையை அணைத்து வைக்கிற வசதி இருந்தால் முதல் நாளே அணைத்துவிடுங்கள். நான் இப்போது ஊதுபத்திக்கு வந்துவிட்டேன். நான் வாங்குகிற பத்தி என் அறையில், மின்விசிறி இல்லாமல், ஏறக்குறைய அரைமணி எரிகிறது. சாம்பல் விழுந்து வாசனை நின்றுபோவதும் ஒரு மணிதான். மின்விசிறி போட்டால் சீக்கிரம் எரிந்துவிடும், சித்திரை மாதத்து வேலூர் வெயிலுக்கு மின்விசிறி இல்லாமல் உட்காருங்கள் என்று நான் சொல்லமாட்டேன், கோடைக்கு உங்கள் பூஜை மணிப் பதிவே நல்லது.

இன்னொன்று. அம்மா அழைப்பார்களோ என்ற நினைப்பைத் தவத்துக்கு இடைஞ்சல் என்று எண்ணாதீர்கள். பகவான் ரமணர் 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதில், வீட்டை விட்டு அண்ணாமலைக்கு வந்தவர். அண்ணாமலையார் கோயில் பாதாள லிங்கத்தில் பூச்சி கடித்துத் தொடை புண்ணானதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர். அப்படிப்பட்டவர், குடும்பத்தை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டவர்களுக்கு ஊக்கம் கொடுக்கவில்லை, இருக்கிற இடத்திலேயே இருந்து 'நான் யார்' என்று விசாரியுங்கள் என்பதுதான் அவர் வழி. 1916இல் அவருடைய தாயார் அழகம்மாள் மகனோடு இருப்பதற்கு மலைக்கே வந்துவிட்டார். 1922 மே மாதம் அந்த அம்மாள் உயிர் அடங்குகிறவரை பகவான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையை மார்பிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்திருந்தார். மலை மேல் இருந்தவருக்கே அம்மா இருந்தார். நாம் சம்சாரிகள், காது ஒரு பக்கம் குடியாத்தத்தைப் பார்த்து இருக்கத்தான் செய்யும். அந்த நினைப்பு வரும்போது வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி புருவ மத்திக்கு வாருங்கள். அதுவே பயிற்சி.


விஐடி ஹாஸ்டல் பக்கம்:

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்ட முடியவில்லை.

என் நிலைமை வேறு. ஒரு அறையில் நாலு பேர், ஒருவன் எப்போதும் கேம் ஆடிக்கொண்டிருப்பான். இயர்போன் போட்டு ஒரு குரல் "மூச்சைக் கவனி" என்று சொல்லிக்கொண்டே வந்தால்தான் என்னால் உட்கார முடிகிறது, மௌனமாக உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் எழுந்துவிடுவேன். குரு நேரில் இல்லாமல் ஒலிப்பதிவைக் கேட்டுச் செய்வது தப்பு என்று ஊரில் ஒரு பெரியவர் திட்டினார். அது நிஜமாகவே தப்பா?


இரவுப்பணிச் செவிலி:

ஹாஸ்டல் தம்பிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பே இல்லை. நான் சென்னை திருமுடிவாக்கத்தில் விபாசனா பத்து நாள் முகாம் போய் வந்தவள். அங்கே ஆசிரியர்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள், சந்தேகம் கேட்டால் பதில் சொல்வார்கள், ஆனால் பயிற்சியை நடத்துவது, இந்த முகாம்களைத் தொடங்கிவைத்த குரு கோயங்காஜியின் ஒலிப்பதிவுதான். அவர் 2013இல் மறைந்துவிட்டார், இன்றைக்கும் உலகம் முழுக்க அந்தப் பதிவுகளை வைத்தே முகாம் நடக்கிறது. முதல் நாள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், காலை 4 மணிக்கு மணி அடிக்கும், முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சைப் பார்ப்பது மட்டும்தான். இரண்டாவது நாள் மத்தியானம் என் தொடை மேல், சுடிதார் பை இருக்கிற இடத்தில், போன் அதிர்வது போல ஒரு துடிப்பு வந்தது. போன் அலுவலகப் பெட்டிக்குள் இருக்கிறது, ஆனால் தோல் மட்டும் அதிர்கிறது. கையை வைத்துப் பார்த்தேன், பைக்குள் ஒன்றும் இல்லை. நாலாவது நாள் வரை அது வந்து வந்து போனது, அப்புறம் நின்றுவிட்டது. போன் என் உடம்பில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் தம்பி, குரல் கேட்டுச் செய்யுங்கள், ஆனால் பதிவை இறக்கி வைத்துக்கொண்டு ஏரோபிளேன் மோடில் கேளுங்கள். இறக்காமல் நேராக யூடியூபில் கேட்டால் நடுவில் விளம்பரம் வந்து தூக்கிவாரிப் போடும்.

சத்துவாச்சாரி அண்ணா, உங்கள் கேள்வியில் எனக்கு அம்மாதான் முதலில் தெரிந்தார். விடியற்காலை சர்க்கரை தாழ்கிறது என்றால் ராத்திரி இன்சுலின் அளவை டாக்டர் ஒரு தடவை பார்க்க வேண்டும், இதைத் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கட்டும். 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அம்மாவின் கட்டில் பக்கத்திலும், பக்கத்து வீட்டிலும் ஒட்டிவிடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். இந்தப் பயம் கொஞ்சம் குறைந்தாலே நீங்கள் நடுவில் கண் திறந்து போனைப் பார்ப்பது பாதியாகக் குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு ஷிப்ட் மாறி மாறி வரும், அதனால் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. நான் போனை அதிர்வுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். ஒரு ஆப் 4 நொடி அதிர்ந்து 6 நொடி அமைதியாக இருக்கும், அதிரும்போது மூச்சை உள்ளே இழுப்பேன், அமைதியில் விடுவேன். நிமிடத்துக்கு 6 மூச்சு. போனைக் கவிழ்த்து உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டால் திரையே தெரியாது. இரவுப்பணி முடிந்து வந்து படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் இப்படி இருந்தால் வார்டு சத்தம் காதிலிருந்து இறங்கும். கேமராவில் விரல் வைத்தால் நாடித்துடிப்பு காட்டுகிற ஆப்பையும் போட்டுப் பார்த்தேன். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் விரலுக்குள் ரத்தம் கூடிக் குறைவதைக் கேமரா பிடித்துக் கணக்குப் போடுகிறது, விரல் அசையாமல் இருந்தால் பல்ஸ் ஆக்சிமீட்டரில் வருவதற்குப் பக்கத்தில்தான் வந்தது. ஆனால் எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் குறைய வேண்டும் குறைய வேண்டும் என்று மனம் போராடுகிறது, அதனால் விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று, எல்லாருக்கும். 2014இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் 47 ஆய்வுகளை, 3,515 பேரைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி இவற்றில் தியானத்தால் மிதமான பலன் உண்டு என்று சொன்னது. மிதமான என்கிற சொல்லைக் கவனியுங்கள், மருந்தை நிறுத்திவிட்டு உட்காருகிறவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். உட்கார உட்காரப் படபடப்பு கூடுகிறது, பழைய பயங்கள் மேலே வருகின்றன என்றால் ஆப்பில் அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள், நிறுத்திவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம், இலவசம்.


ஆரணி பட்டுக்கரை:

பணம் போகிற வழியை யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். ஒரு தியான ஆப்பில் ஏழு நாள் இலவசம் என்று போட்டிருந்ததை நம்பிச் சேர்ந்தேன். மூன்று நாளில் பிடிக்கவில்லை, ஆப்பை நீக்கிவிட்டேன். நீக்கினால் முடிந்தது என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து பாஸ்புக் பதிவு செய்தபோதுதான் மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது, ப்ளே ஸ்டோருக்குள் சந்தாக்கள் என்கிற பகுதிக்குப் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும், யுபிஐ ஆட்டோபே போட்டிருந்தால் அந்த ஆப்பிலும் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்திருக்கலாம் என்று இன்னும் மனம் அடித்துக்கொள்கிறது.

இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. பிளம் வில்லேஜ் ஆப், வியட்நாமிய துறவி திக் நியட் ஹானின் மடத்தாருடையது, காசு கேட்பதில்லை, நாள் முழுக்க இடையிடையே ஒரு மணி அடிக்க வைக்கலாம், மணி கேட்டால் கைவேலையை நிறுத்தி மூன்று மூச்சு விடுவது அவர்கள் வழக்கம். தறிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அது எனக்கு ரொம்ப உதவியாக இருக்கிறது, இழை அறுந்த கோபம் அந்த மூன்று மூச்சில் இறங்கிவிடும். மெடிட்டோ என்பதும் லாப நோக்கில்லாத அமைப்பு நடத்துகிற இலவச ஆப். இரண்டிலும் பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சுதான், மணிக்கு மொழி தேவையில்லை.

அப்புறம், ஆப் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். மணி அடிக்கிற ஆப்புக்கு உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு, இருப்பிடம் எதற்கு? 2022இல் மொசில்லா அமைப்பு 32 மனநல, பிரார்த்தனை ஆப்களைச் சோதித்து, அதில் 28க்குத் தனியுரிமை சரியில்லை என்று எச்சரிக்கை போட்டது. ராத்திரி தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று நாம் அதில் தட்டுவதெல்லாம் எங்கேயோ போய்ச் சேருகிறது. நம் மனசைப் பற்றி நம் வீட்டு ஆட்களிடமே யோசித்துத்தான் சொல்கிறோம். இதற்கு மட்டும் ஏன் அள்ளிக் கொடுக்க வேண்டும்?


சத்துவாச்சாரிக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி. செவிலி தங்கை சொன்னதைத்தான் முதலில் செய்தேன். அந்த வாரமே அம்மாவை டாக்டரிடம் காட்டினோம், ராத்திரி ஊசி அளவைக் குறைத்திருக்கிறார். தாளை எழுதி இரண்டு வீட்டிலும் ஒட்டியாயிற்று.

காட்பாடி சார், சோதித்துப் பாருங்கள் என்று சொன்னீர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. நட்சத்திரம் போட்டு எல்லாம் சரி என்று நினைத்து அம்மாவை அழைக்கச் சொன்னால் போன் ஊமையாகக் கிடக்கிறது. பார்த்தால் அம்மா பெயர் என் போனில் இரண்டு இடத்தில் இருக்கிறது, நான் நட்சத்திரம் போட்டது அவர் மூன்று வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்ட பழைய எண்ணுக்கு. அதை அழித்துவிட்டுப் புதிய எண்ணுக்குப் போட்டேன், உடனே அடித்தது. சோதிக்காமல் விட்டிருந்தால் என்கிற நினைப்பில் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மணிப் பதிவைக் குடியாத்தத்தில் செய்யலாம் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே போய்விட்டேன். திண்ணையில் பாய் போட்டு, ரெக்கார்டரை ஓடவிட்டு, பெரிய முள் ஒன்பதுக்கு வந்ததும் மூன்று தடவை ஆட்டும்மா என்று பூஜை மணியை அம்மா கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரில் மோடா போட்டு, மடியில் மணியை வைத்துக்கொண்டு, நாக்கு ஆடாமல் விரலால் பிடித்தபடி இருபது நிமிடமும் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம், பக்கத்து வீட்டம்மா அப்புறம் சொன்னார்கள். பதிவில் எதிர்வீட்டுத் தறி ஓடுகிறது, லுங்கி நெய்கிறார்கள், தடக் தடக் என்று ஒரே சீராக. அது கேட்கக் கேட்க மூச்சு தானாகவே அதோடு சேர்ந்துகொள்கிறது. நடுவில் ஒரு குயில், பால்காரர் சைக்கிள் மணி. கடைசியில் பூஜை மணி மூன்று தடவை. நான் எழுந்து நிறுத்துவதற்குள் அம்மா குரலும் விழுந்துவிட்டது. "ஆச்சா நைனா? காப்பி ஆறிப்போவுது."

அதை வெட்டிவிடலாம் என்று வெட்டும் ஆப்பைத் திறந்தேன், அப்புறம் மூடிவிட்டேன்.

போன் இப்போது பூஜை அலமாரி மேல் தட்டில் இருக்கிறது. ராத்திரியே எல்லாம் அமைத்துவிடுகிறேன், காலையில் ஒரு தட்டு தட்டி ஓடவிடுவதோடு சரி. பாதியில் கண் திறப்பது முழுக்க நிற்கவில்லை, இந்த வாரத்தில் இரண்டு நாள் திறந்தேன். ஆனால் அந்தக் குரல் கேட்டதும் முதலில் அம்மாவுக்குத்தான் போன் போடுகிறேன், வாட்ஸ்அப் அதற்கப்புறம். வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இன்றைக்கு 104.